கூண்டைத் தாண்டும் காய்ச்சல்

தறியில் அமர்ந்து நெய்பவருக்கு ஓர் உண்மையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் அக்கணமே தறியை நிறுத்தி, அறுந்த முனைகளைத் தேடி எடுத்து முடிச்சிட வேண்டும். ‘ஓர் இழைதானே, போகட்டும்’ என்று நாடாவை மேலும் பத்து முறை ஓட்டினால், அறுந்த இழை பக்கத்து இழைகளோடு சிக்கி அவற்றையும் அறுத்துவிடும். ஒரு முழம் துணியே பாழாகும். நிறுத்துவதால் வருவது சிறு நட்டம்; நிறுத்தாமையால் வருவது பெரு நட்டம்.

நெசவுக்குப் பொருந்தும் இந்த நியதி கோழி வளர்ப்புக்கும் அப்படியே பொருந்தும். நம் சங்கங்களின் அங்கத்தினருள் நெசவாளரும் உண்டு; உழவரும் உண்டு. இரு சாரார் வீட்டுக் கொல்லையிலும் நாலு கோழி மேய்வது வழக்கம். அவை வீட்டுப் பெண்களின் கையிருப்பு. பிள்ளைகளின் புத்தகச் செலவுக்கும், விருந்தினர் வந்த நாளுக்கும், கூலி வராத வாரத்துக்கும் உதவுவன. சிலர் கடன் பெற்று ஆயிரக்கணக்கில் முட்டைக் கோழியோ கறிக்கோழியோ வளர்க்கும் பண்ணையாளராகவும் உயர்ந்திருக்கின்றனர்.

ஒரு நாள் காலையில் கூண்டைத் திறந்ததும் இரண்டு கோழிகள் இறந்து கிடக்கின்றன. வேறு மூன்று தலையைத் தொங்கவிட்டு நிற்கின்றன. அப்போது நாம் என்ன செய்கிறோம்? இறந்தவற்றை ஓடையிலோ புதரிலோ எறிகிறோம். சோர்ந்து நிற்பவற்றை, வீணாகாமல் இருக்கட்டும் என்று அறுத்துச் சமைக்கிறோம். நன்றாயிருப்பவற்றை, அவையும் சாகுமுன் வந்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிடுகிறோம். தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் இம்மூன்று செயல்களும் இன்றைய நாளில் எத்தகைய ஆபத்துக்கு வாசலைத் திறந்துவிடுகின்றன என்பதையும், அவ்வாசலை அடைக்கும் வழி யாது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய பகையும் புதிய பகையும்

கோழிகளைக் கூட்டம் கூட்டமாக வீழ்த்தும் நோய் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வெள்ளைக் கழிச்சல். 1920-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரப் பகுதியிலும், இமயமலைச் சாரலில் உள்ள ராணிக்கேட் என்னும் ஊரிலும் இந்நோய் கண்டறியப்பட்டது. ஆதலின் உலகத்தார் அதை நியூகாசில் நோய் என்றும், நம் நாட்டார் ராணிக்கேட் நோய் என்றும் வழங்குகின்றனர். இதற்கு நல்ல தடுப்பூசி உண்டு. இந்நோயின் கிருமி மனிதர் கண்ணில் பட்டால் சில நாட்கள் கண் சிவந்து நீர் வடியும், அவ்வளவே. பெரும்பாலும் அது கோழியோடு தொடங்கிக் கோழியோடு முடிந்துவிடும் நோய்.

பறவைக் காய்ச்சல் அத்தகையது அன்று. இதை உண்டாக்குவது மனிதருக்கு வரும் இன்புளூயென்சாக் காய்ச்சலுக்குக் காரணமான வைரஸ் குலத்தைச் சேர்ந்ததேயாகும். 1878-ஆம் ஆண்டிலேயே இத்தாலியில் ‘கோழிக் கொள்ளைநோய்’ ஒன்று வருணிக்கப்பட்டது. அதுவும் ஒரு வகை இன்புளூயென்சாவே என்பது 1955-ஆம் ஆண்டில்தான் தெளிவாயிற்று.

இவ்விரு நோய்களையும் வெளித்தோற்றத்தால் பிரித்தறிதல் எளிதன்று. திடீர் மரணம், கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், முட்டை சட்டென்று குறைதல் ஆகியவை இரண்டிலும் உண்டு. கொண்டையும் தாடியும் வீங்கி நீலம் பாய்வதும், கால்களில் இரத்தம் கன்றுவதும் பறவைக் காய்ச்சலில் மிகுதி எனினும், இரசாயனசாலைச் சோதனையால் மட்டுமே உறுதி சொல்ல முடியும். ‘வழக்கமான கழிச்சல்தானே’ என்று நாமே முடிவு கட்டுவதில்தான் முதல் இழை அறுகிறது.

நீர்ப்பறவையின் குடலிலிருந்து

இவ்வைரஸின் பிறந்த வீடு காட்டு வாத்து முதலிய நீர்ப்பறவைகளின் குடலாகும். அங்கே அது பெரும்பாலும் தீங்கு செய்யாமல் குடியிருந்து, எச்சத்தின் வழியாக நீரில் கலக்கிறது. குளிர்ந்த நீரில் பல வாரங்கள் அழியாமல் இருக்கும். அந்நீரைக் குடிக்கும் வளர்ப்பு வாத்துக்கோ கோழிக்கோ அது இடம் மாறுகிறது.

காட்டில் ஒரு பறவைக்கும் மற்றொரு பறவைக்கும் இடைவெளி உண்டு. விருந்தளிக்கும் உயிரை விரைவில் கொன்றுவிடும் கிருமி அங்கே தானும் அழிந்துபோகும். ஒரே கூரையின் கீழ்ப் பல்லாயிரம் கோழிகள் தோளோடு தோள் நெருங்கி நிற்கும் பண்ணையில் நிலைமை வேறு. அங்கே எவ்வளவு விரைவாகக் கொன்றாலும் அடுத்த கோழி பக்கத்திலேயே இருக்கிறது. எச் 5, எச் 7 என்று எண்ணிடப்பட்ட இரு வகைகள் இவ்வாறு கோழிகளுக்கிடையே சுழலும்போது, சாதுவாயிருந்த நிலைமாறிக் கொடிய உருவெடுக்கும் ஆற்றல் பெற்றவை. முன்பு குடலிலும் மூச்சுக்குழலிலும் மட்டும் பெருகிய வைரஸ், அதன்பின் உடல் முழுவதும் பெருகத் தொடங்குகிறது. ஓரிரு நாட்களில் பண்ணையே காலியாகிறது.

இவ்வைரஸுக்கு மற்றொரு குணமும் உண்டு. அதன் மரபுப் பொருள் ஒரே நீண்ட இழையாக இல்லாமல் எட்டுத் தனித்தனித் துண்டுகளாக இருக்கிறது. இரண்டு வகை வைரஸ்கள் ஒரே உடலில், ஒரே உயிரணுவில் புகுந்தால் இத்துண்டுகள் கலந்துவிடுகின்றன. இரு வீட்டாரின் நூற்சிட்டங்கள் ஒரே மூட்டையில் கலந்துபோனால், அதை எடுத்து நெய்யும் துணியில் இருவர் நூலும் சேர்ந்து புதிய சாயல் வருவது போன்றது இது.

இஃது ஏட்டளவில் உள்ள அச்சம் அன்று. 1957-ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய ‘ஆசியக் காய்ச்சல்’ வைரஸின் எட்டுத் துண்டுகளில் மூன்று, பறவை வைரஸிலிருந்து வந்தவை. அவ்வாண்டு மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் வழியாக அக்காய்ச்சல் சென்னையில் கரையேறி, நாடு முழுவதும் பரவிற்று. 1968-ஆம் ஆண்டில் தோன்றிய காய்ச்சலின் வைரஸிலும் இரண்டு துண்டுகள் பறவையிடமிருந்து வந்தவையே.

ஹாங்காங் தந்த பாடம்

1996-ஆம் ஆண்டில் சீனத்தின் குவாங்டொங் மாகாணத்தில் ஒரு வாத்துப் பண்ணையில் எச் 5 என் 1 என்னும் வகை கண்டெடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் அண்டையிலுள்ள ஹாங்காங்கின் கோழிப் பண்ணைகளில் கோழிகள் மாண்டன. மே மாதத்தில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் கடுங்காய்ச்சலால் இறந்தான். அவன் உடலிலிருந்து எடுத்த வைரஸ் இன்னதென்று அறியச் சில மாதங்கள் ஆயின; ஏனெனில் கோழியின் வைரஸ் நேரடியாக மனிதனைக் கொல்லும் என்று அதுவரை எவரும் எதிர்பார்க்கவில்லை. ஆண்டு முடிவதற்குள் 18 பேர் நோயுற்றனர். அவர்களுள் 6 பேர் உயிரிழந்தனர்.

நோய் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தவர்கள் உயிர்க்கோழி விற்கும் சந்தைகளுக்குச் சென்றார்கள். அங்கே கோழி, வாத்து, காடை யாவும் அடுக்கடுக்காய் வைத்த கூண்டுகளில் ஒன்றன் எச்சம் மற்றொன்றின் மேல் விழுமாறு இருந்தன. விற்காத கோழி மறுநாளும் அங்கேயே இருக்கும். புதிய கோழி அதன் பக்கத்தில் வந்து சேரும். வைரஸுக்கு நாள்தோறும் விருந்து!

டிசம்பர் 29-ஆம் தேதி தொடங்கிச் சில நாட்களுக்குள், அந்நகரத்துப் பண்ணைகளிலும் சந்தைகளிலும் இருந்த பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகள் யாவும் அழிக்கப்பட்டன. கொடுமையான செயல்தான், வியாபாரிகளும் பண்ணையாளரும் கண்ணீர் விட்டனர். எனினும் அத்தோடு மனிதரிடையே அந்நோய் நின்றது. பின்னர் அந்நகரம் வாத்துகளைக் கோழிச் சந்தையிலிருந்து பிரித்தது. காடை விற்பதைத் தடுத்தது. மாதத்தில் குறித்த நாட்களில் கடைகளைக் காலி செய்து கழுவ வைத்தது. 2008-ஆம் ஆண்டு முதல் உயிர்க்கோழியைக் கடையில் இரவு தங்கவைக்கலாகாது என்றும் விதித்தது. இவையனைத்தும் எளிய ஒழுங்குகளே. இவற்றைக் கைக்கொள்ள உயிர்ப்பலி கொடுக்க வேண்டியிருந்தது என்பதுதான் வருந்தத்தக்கது.

நம் நாட்டில்

ஹாங்காங்கில் அணைந்த நெருப்பு வேறிடத்தில் கனன்றுகொண்டிருந்தது. 2003-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து வியத்நாம், தாய்லாந்து முதலிய நாடுகளில் அது பரவிற்று. 2005-ஆம் ஆண்டில் சீனத்தின் சிங்ஹாய் ஏரியில் ஆயிரக்கணக்கான புலம்பெயர் பறவைகள் இறந்தன. அவற்றுள் மிகுதி வரித்தலை வாத்துகள். இமயத்தைத் தாண்டி, நம் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளம் வரை குளிர்காலத்தில் வந்து போகும் இனம் அது. இதைக் கூறுவது அப்பறவைகளைப் பழிப்பதற்கன்று. வளர்ப்புப் பறவையிடம் கொடிய உருப்பெற்ற நோய் காட்டுப் பறவையைத் தொற்றிக்கொண்டது என்பதே உண்மை. நாம் கொடுத்ததை அவை சுமந்து திரிகின்றன.

2006-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மராட்டிய மாநிலத்தின் நந்துர்பார் மாவட்டத்திலுள்ள நவாப்பூரில் இந்நோய் இந்தியாவில் முதன்முதலாக உறுதி செய்யப்பட்டது. இலட்சக்கணக்கான கோழிகள் அழிக்கப்பட்டன. நோய் எட்டிப் பாராத ஊர்களிலும் மக்கள் கோழியையும் முட்டையையும் கைவிட்டதால் விலை விழுந்து, தவறேதும் செய்யாத பண்ணையாளர் பெருநட்டம் அடைந்தனர். 2008-ஆம் ஆண்டு தொடக்கத்தில் மேற்கு வங்கத்தின் பெரும்பாலான மாவட்டங்களில் நோய் பரவிற்று. அங்கே அதற்கு இரையானவை பெரும்பாலும் நம்முடையவை போன்ற கொல்லைப்புறக் கோழிகள். ஏழை எளியவரின் முற்றத்திலிருந்து 40 இலட்சம் அளவில் பறவைகள் அழிக்கப்பட வேண்டியதாயிற்று. 2014-ஆம் ஆண்டில் கேரளத்தின் குட்டநாட்டு வாத்துகளைத் தாக்கிய நோய், அதன் பின்னரும் பலமுறை அங்கே தலைகாட்டியுள்ளது. அறுவடையான வயல்களில் வாத்து மந்தைகளை ஓட்டி மேய்க்கும் வழக்கம் நம் பக்கத்திலும் உண்டு. ஆதலின் குட்டநாட்டின் கதை நமக்குத் தூரத்துக் கதையன்று.

நம் நாட்டில் மனித உயிரும் பலியாகியிருக்கிறது. 2021-ஆம் ஆண்டில் தில்லியில் சிகிச்சை பெற்ற சிறுவன் ஒருவனும், 2025-ஆம் ஆண்டில் ஆந்திரத்துச் சிறுமி ஒருத்தியும் எச் 5 என் 1 நோயால் மாண்டனர்.

நோய் காட்டாத கோழி

கோழி இறந்தால்தான் ஆபத்து என்றும் எண்ணிவிடலாகாது. 2013-ஆம் ஆண்டில் சீனத்தில் எச் 7 என் 9 என்னும் வேறொரு வகை தோன்றிற்று. அது கோழிகளைச் சாகடிக்கவில்லை, சோர்வடையச் செய்யவுமில்லை. ஆனால் சந்தைக்குச் சென்று வந்த மனிதர்கள் நுரையீரல் வீக்கத்தால் வீழ்ந்தார்கள். ஷாங்காய், ஹாங்ஜோ முதலிய நகரங்களில் உயிர்க்கோழிச் சந்தைகளை மூடியவுடன் அந்நகரங்களில் நோய் வெகுவாகத் தணிந்தது. எனினும் சில ஆண்டுகளில் அந்நாட்டில் 1,500-க்கும் மேற்பட்டோர் நோயுற்று, அவர்களுள் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2017-ஆம் ஆண்டில் கோழிகளுக்குத் தடுப்பூசி போடப்பட்ட பின்னரே மனிதரிடையே அந்நோய் அநேகமாக மறைந்தது. கோழியைக் காப்பது மனிதனைக் காப்பதே என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

இனம் விட்டு இனம்

அண்மை ஆண்டுகளில் எச் 5 என் 1 வைரஸின் ஒரு கிளை ஐரோப்பாவையும் அமெரிக்கக் கண்டங்களையும் சூழ்ந்துவிட்டது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் மட்டும் 2022 முதல் 2025 வரை 16 கோடிக்கும் மேற்பட்ட பண்ணைப் பறவைகள் அதற்கு இரையாயின. பறவைகளின் எல்லையையும் அது கடந்தது. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் ஸ்பெயின் நாட்டில், உரோமத்துக்காக மிங்க் என்னும் கீரி போன்ற விலங்குகளை வளர்க்கும் பண்ணையில் புகுந்தது. அங்கே 50,000-க்கும் மேற்பட்ட விலங்குகளை அழிக்க நேர்ந்தது. 2023-ஆம் ஆண்டில் பெரு நாட்டுக் கடற்கரையில் கடற்சிங்கங்களும், அர்ஜெண்டினாக் கரையில் யானைச்சீல் குட்டிகளும் ஆயிரக்கணக்கில் இறந்தன.

யாவரினும் நம்மை விழிக்கச் செய்ய வேண்டியது 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதச் செய்தி. டெக்சாஸ், கான்சாஸ் மாநிலங்களில் கறவை மாடுகள் தீனி குறைந்து, பால் வற்றி, சீம்பால் போன்று தடித்த மஞ்சள் நிறப் பால் சுரந்தன. சோதித்தபோது மாட்டின் மடியில் பறவைக் காய்ச்சல் வைரஸ் பெருகியிருந்தது! காய்ச்சாத அப்பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் மாண்டன. 2025-ஆம் ஆண்டுக்குள் 1,000-க்கும் மேற்பட்ட மந்தைகளில் நோய் உறுதியாயிற்று. கறவை இயந்திரம், மாடுகளை இடம் மாற்றுதல், வேலையாட்களின் கைகள் ஆகியவையே அதை மடியிலிருந்து மடிக்குக் கொண்டுசென்ற வழிகள் எனக் கருதப்படுகிறது. மாட்டையும் கோழியையும் பராமரித்த தொழிலாளர் பலருக்கும் தொற்று ஏற்பட்டது. பெரும்பாலோருக்குக் கண் சிவத்தலோடு அது நின்றது.

வைரஸ் ஓர் உயிரினுள் புகுவதற்குப் பூட்டும் சாவியும் போன்ற பொருத்தம் வேண்டும். பறவைப் பூட்டும் மனிதனின் மூக்கு, தொண்டைப் பூட்டும் வேறு வேறு. ஆனால் பறவைப் பூட்டை ஒத்தவை மனிதனின் கண்ணிலும் நுரையீரலின் ஆழத்திலும், மாட்டின் மடியிலும் இருக்கின்றன. பறவையின் சாவியோடு அலையும் வைரஸ், ஒவ்வொரு முறை பாலூட்டி விலங்கின் உடலில் பெருகும்போதும் தன் சாவியைச் சிறிது சிறிதாக அராவிப் பார்க்கிறது. மனிதத் தொண்டையின் பூட்டு அதற்குத் திறந்துகொள்ளும் நாள், ஊருக்கு ஊர் இருமலாலேயே பரவும் நாளாக ஆகிவிடும். அந்த நாள் வராமல் தடுப்பதே உலகத்தார் அனைவருடைய வேலை. அதில் நம் கொல்லைக்கும் பங்கு உண்டு.

அஞ்ச வேண்டியதும் வேண்டாததும்

உண்மையை உள்ளவாறு அறிந்தால் வீண் பீதிக்கு இடமில்லை. 2003 முதல் 2025 வரை உலகில் 900-க்கும் மேற்பட்டோருக்கு எச் 5 என் 1 நோய் உறுதி செய்யப்பட்டது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தனர். இலேசாக நோயுற்றவர் பலர் சோதனைக்கு வராதிருக்கலாமாதலின் உண்மையான இறப்பு விகிதம் இதனினும் குறைவாக இருக்கக் கூடும். கோடிக்கணக்கான கோழிகளோடு மனிதர் நாள்தோறும் பழகும் உலகில் இத்தொகை சிறிதே. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ந்து பரவும் ஆற்றலை அவ்வைரஸ் இதுவரை பெறவில்லை.

நன்கு வெந்த முட்டையாலும் இறைச்சியாலும் தீங்கில்லை. உள்வரை 70 பாகை வெப்பம் ஏறினால் வைரஸ் அழியும். காய்ச்சிய பாலும் அவ்வாறே. அஞ்ச வேண்டியது உண்பதைவிட, நோயுற்ற பறவையைக் கையாளுதல்: இறகு பறித்தல், குடல் நீக்குதல், இறந்ததைக் குழந்தைகள் தூக்கி விளையாடுதல், கூளத்தைக் கிளறித் தூசி சுவாசித்தல். கம்போடியாவில் 2023 முதல் நோயுற்றவருள் பெரும்பாலோர் வீட்டில் இறந்த அல்லது நோயுற்ற கோழிகளைக் கையாண்டவரே. கோழி இறந்த வீட்டில் எவருக்கேனும் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் கண்டால், ‘வீட்டில் கோழிகள் இறந்தன’ என்ற செய்தியை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். இதற்குரிய மருந்து, நோய் கண்ட இரண்டு நாட்களுக்குள் கொடுத்தால் நற்பயன் அளிக்கும்.

வாசலை அடைப்பது எப்படி?

நோய் பண்ணைக்குள் பறந்து வருவதைவிட நடந்து வருவதே அதிகம். நம் செருப்பு, வியாபாரியின் கூடை, முட்டை அடுக்கும் அட்டை, தீவன வண்டியின் சக்கரம், பக்கத்துப் பண்ணையைப் பார்த்துவிட்டு நேரே வரும் நண்பர் ஆகிய இவையே அதன் வாகனங்கள். ஆதலின் கொட்டகைக்கென்று தனிச் செருப்பும் தனி உடையும் வைத்துக்கொள்க. வாசலில் கிருமிநாசினி நீர்த்தொட்டி இருக்கட்டும். அழுக்கேறிய நீரால் பயனில்லை, நாள்தோறும் மாற்றுக. பிற பண்ணையில் புழங்கிய முட்டை அட்டைகளை உள்ளே விடாதீர்கள். கழுவக்கூடிய தட்டுகளே நல்லவை. வாத்தும் கோழியும் ஒன்றாக அடைத்தல் கூடாது. ஏரி, குளத்து நீரைச் சுத்திகரியாமல் கோழிகளுக்கு வைத்தல் கூடாது. காக்கையும் சிட்டும் புகாதவாறு வலை கட்டுக. சந்தையில் வாங்கிய புதுக் கோழியை இரண்டு வாரமேனும் தனியே வைத்துப் பார்த்த பின்னரே மந்தையில் சேர்க்க வேண்டும். வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசியைத் தவறாமல் போடுக; அது பறவைக் காய்ச்சலைத் தடுக்காவிடினும், கோழிகள் திடீரென்று சாகும்போது ‘இது அந்தப் பழைய நோய் அன்று’ என்னும் ஐயத்தை விரைவில் எழுப்பும்.

மறைப்பதால் யாருக்கு இலாபம்?

இவ்வளவும் அறிந்தவரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கோழிகள் இறப்பதை அதிகாரிக்குத் தெரிவித்தால் எஞ்சியவற்றையும் அழித்துவிடுவார்கள். அண்டை வீட்டார் கோழிகளும் என்னால் போகும். ஊரார் ஏசுவார்கள் என்ற எண்ணமே அது. இவ்வச்சத்தை இகழ்வது எளிது. ஆனால் கடன் வாங்கிக் கோழி வாங்கியவனுக்குத்தான் அதன் கனம் தெரியும். ஆகவே இதைக் கணக்காகவே பார்ப்போம்.

நோய் உறுதியானால் அவ்விடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பறவைகளை அழிப்பதும், பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்பதும் நம் நாட்டில் வகுக்கப்பட்ட முறை. அழிக்கப்படும் பறவைகளுக்கும் முட்டைகளுக்கும் ஈட்டுத்தொகை உண்டு. அதை மத்திய அரசும் மாநில அரசும் சரிபாதியாக ஏற்கின்றன. ஆனால் நோயால் தானாக இறந்த கோழிக்கு ஈடு கிடையாது. முதல் நாளே தெரிவித்தவனிடம் உயிரோடு இருக்கும் கோழிகள் மிகுதி. அவற்றுக்கெல்லாம் ஈடு கிடைக்கும். ஐந்து நாள் மறைத்தவனிடம் எஞ்சியிருப்பவை சில. அவனுக்கு ஈடும் சிலவே. மறைத்தவன் விற்ற கோழி பத்து ஊர்களுக்குப் போய்ப் பத்து வட்டங்களில் அழிவைக் கொண்டுவருகிறது. தெரிவித்தவனால் ஒரு வட்டம் அழிந்தது. மறைத்தவனால் பத்து வட்டம் அழிந்தது. இவ்விருவரில் ஊராருக்குத் தீங்கு செய்தவன் யார்?

சட்டமும் இதையே சொல்கிறது. விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இத்தகைய நோய் உள்ளதென்று ஐயம் எழுந்தாலே கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ தெரிவிப்பது உரிமையாளரின் கடமையாகும். நோயை உறுதி செய்வது நம் வேலையன்று; ஐயத்தைச் சொல்வதே நம் வேலை. மாதிரிகளைச் சோதித்து முடிவு கூறப் போபாலில் உயர்பாதுகாப்பு ஆய்வுக்கூடம் இருக்கிறது.

சங்கம் செய்யக்கூடியவை

தனியொருவன் அஞ்சுகிற இடத்தில் துணை நிற்பதற்காகவே கூட்டுறவு பிறந்தது. அடுத்த மகாசபைக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் ஆலோசிக்கத்தக்க சில யோசனைகளை இங்கே கூறுகிறோம்.

முதலாவது, தெருவுக்கு ஒருவர் செய்திப் பொறுப்பாளராக இருத்தல். ஒரே வீட்டில் ஓரிரு நாட்களுக்குள் கோழிகள் காரணமின்றி இறந்தால் அவரிடம் சொன்னால் போதும். கால்நடை மருத்துவருக்கு அவர் தெரிவிப்பார். இரண்டாவது, சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர், கையுறை, முகக்கவசம் ஆகியவற்றைச் சங்கக் கிடங்கில் எப்போதும் இருப்பு வைத்தல். மூன்றாவது, இறந்த பறவைகளை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க, கிணற்றுக்கும் ஓடைக்கும் எட்டிய பொது இடம் ஒன்றை முன்னரே குறித்து வைத்தல். நான்காவது, அங்கத்தினர் மாதந்தோறும் ஒரு சிறு தொகை போட்டு ஒரு நிதி சேர்த்தல். ஈட்டுத்தொகை கைக்கு வரும் வரை, கோழி இழந்த குடும்பத்தின் அடுப்பு எரிய அது உதவும். ஐந்தாவது, உரிய காலத்தில் தெரிவித்து இழப்புக்கு ஆளான அங்கத்தினரின் கடன் தவணையைத் தள்ளி வைக்க நிர்வாகக் குழு தீர்மானம் செய்தல். உண்மை சொன்னவனுக்குச் சங்கம் பக்கபலம் என்பது ஒருமுறை நிலைநாட்டப்பட்டால், அதன்பின் எவரும் மறைக்கமாட்டார்.

ஆறாவது யோசனை செலவில்லாதது. கோழிகளைப் பெரும்பாலும் பராமரிப்பவர் பெண்கள். அதிகாலையில் கூண்டைத் திறப்பவரும், எந்தக் கோழி தீனி எடுக்கவில்லை என்று முதலில் காண்பவரும் அவர்களே. கூட்டங்களில் ஆண்கள் மட்டும் அமர்ந்து இவற்றைப் பேசிக் கலைவதால் பயனில்லை. செய்திப் பொறுப்பாளராகப் பெண் அங்கத்தினரையே நியமித்தல் சாலச் சிறந்தது.

ஹாங்காங்கில் அச்சிறுவன் இறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே பண்ணைகளில் கோழிகள் இறந்தன. அறுந்த இழை கண்ணுக்குத் தெரிந்தது. அதன் பொருளை அன்று எவரும் அறியவில்லை. இன்று நாம் அறிவோம். இனி நம் கொல்லையில் ஒரு கோழி காரணமின்றி இறந்து கிடந்தால் அதை எறியவும் வேண்டா, அறுக்கவும் வேண்டா, விற்கவும் வேண்டா. தறியை நிறுத்துவோம், குரல் கொடுப்போம், முடிச்சிடப் பல கைகள் வரும்.